சென்னை–லண்டன்: தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள்

என்னிடம் டிக்கெட் போட வருகிறவர்கள் பலரும் போனில் தூரத்தைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும், அப்படியானால் ஒன்பது மணி நேரம். ஆனால் நேரடி விமானமே லண்டன் போய்ச் சேர ஏறத்தாழ 11 மணி நேரம் எடுக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கக் காத்திருப்பதும் அட்டவணை நேரத்துக்குள்தான் வருகின்றன. மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் குறைகிறது.

துபாய் வழியாகப் போனால் தூரம் எவ்வளவு கூடும் என்று நினைக்கிறீர்கள்? சென்னை–துபாய் 2,900, துபாய்–லண்டன் 5,500. மொத்தத்தில் 200 கிலோமீட்டர்தான் அதிகம். பயண நேரத்தை இழுப்பது துபாயில் உட்கார்ந்திருக்கும் நேரம். அதனால் மலிவான டிக்கெட்டைப் பார்த்ததும் விலையை மட்டும் பார்க்காதீர்கள், மொத்தப் பயண நேரத்தையும் பாருங்கள்.

இன்னொன்று. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் சென்னையில் காலை 6 மணிக்கு ஏறி லண்டனில் பகல் 11.30-க்கு இறங்குவதாக இருந்தால், பார்வைக்கு ஐந்தரை மணி நேரம்தான். நிஜத்தில் 11 மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பதால், நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் நாலரை மணி நேரமாகிவிடும். இன்சுலின் போடுகிற பெற்றோரை அனுப்புகிறவர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன்: டாக்டரிடம் டிக்கெட்டைக் காட்டினால் மட்டும் போதாது, வானத்தில் இருக்கப்போகும் மணிக்கணக்கையும் சொல்லுங்கள். மருந்து வேளையை அதை வைத்துத்தான் அவர் மாற்றித் தர முடியும்.

எல்லாவற்றையும்விட அதிகப் பணம் போவது தேதிக் குழப்பத்தில். வளைகுடா வழி விமானங்கள் பல சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. மகளின் பிரசவத்துக்காகப் புறப்பட்ட ஒரு தம்பதி, 15-ஆம் தேதி அதிகாலை 3.50 விமானத்துக்கு 15-ஆம் தேதி இரவு பெட்டி படுக்கையோடு விமான நிலையம் போய் நின்றார்கள். விமானம் அன்று விடியும் முன்பே போய்விட்டிருந்தது. வாசலில் டிக்கெட்டை வாங்கிப் பார்த்த காவலர்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா மகளுக்காக லேகியமும் பருப்புப்பொடியும் கட்டி எடுத்து வந்திருந்தார்.

முதல் விமானத்துக்கு வராவிட்டால், அதே டிக்கெட்டில் உள்ள அடுத்த விமானமும் திரும்பும் பயணமும் சேர்ந்தே ரத்தாகிவிடுவதுதான் வழக்கம். அவர்களுக்கும் அதுதான் நடந்தது. அன்றைய விலையில் புது டிக்கெட் போட வேண்டியதாயிற்று.

இப்போது நான் தரும் ஒவ்வொரு பிரிண்ட் அவுட்டிலும் மேலே கையால் எழுதிவிடுகிறேன்: "14-ஆம் தேதி ராத்திரி 11 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பவும்." ஆன்லைனில் நீங்களே டிக்கெட் போட்டாலும், பெற்றோர் கையில் கொடுக்கும் தாளில் இதுபோல் ஒரு வரியைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். தேதியில் சந்தேகம் வந்தால் விமானம் கிளம்பும் முன்பே நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். கிளம்பிய பிறகு கூப்பிட்டால் மாற்றித் தருவது பெரும்பாலும் நடக்காது.