சரக்கு விவரம்: சொல்லும் பொருளும்

சுங்கத் தாக்கலில் ‘கூட்ஸ் டிஸ்கிரிப்ஷன்’ என்றொரு கட்டம் உண்டு. தமிழில் அதைச் ‘சரக்கு விவரம்’ என்பதே சரி. ‘சரக்கு வர்ணனை’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அது பொருந்தாது. வர்ணனை வர்ணத்திலிருந்து வந்தது, நிறம் தீட்டும் வேலை. ‘உயர்தர’, ‘நவீன’, ‘பல்பயன்’ என்று விற்பனைத் தாளில் அடுக்குகிறோமே, அதுதான் வர்ணனை. இந்த அடைமொழிகளை எல்லாம் அடித்துவிட்டுப் படித்தாலும் சுங்க அதிகாரிக்கு ஒன்றும் குறையாது.

டிஸ்கிரிப்ஷனுக்கு லத்தீன் வேர்: ‘எழுதி வைத்தல்’ என்ற அளவில் பொருள். விவரம் சமஸ்கிருத வழியில் வந்த சொல். ‘வ்ரு’ என்றால் மூடுதல். ‘வி’ முன்னால் சேர்ந்தால் மூடியதைத் திறத்தல். ‘விவர’ என்ற சொல்லுக்கே அங்கே திறப்பு, துளை என்றுதான் பொருள். (‘விபரம்’ என்று எழுதுவது பரவலாகிவிட்டது, மூலத்தில் இருப்பது ‘வ’.) பெட்டியைத் திறக்காமலே உள்ளிருப்பதைக் காட்டுவதுதான் இந்தக் கட்டத்தின் வேலை என்பதால், லத்தீன் சொல்லைவிட நம் வழக்குச் சொல்லே இங்கே கச்சிதம்.

சிக்கல் முன்பாதியில். ‘சரக்கு’ நாம் கையாளும் சொற்களிலேயே பொதுவானது. கடையில் அது வியாபாரப் பொருள், சித்த வைத்தியத்தில் மருந்துப் பொருள், தெருவில் சாராயம். இப்படி எதற்கும் பொருந்தும் சொற்கள் விவரக் கட்டத்துக்குள் நுழைந்தால் அது ‘பொத்தாம்பொது விவரம்’. இதை ‘மழுப்பல்’ என்று சொல்லாமல் இருப்பது நல்லது. மழுப்பலில் மறைக்கும் எண்ணம் உண்டு. பெரும்பாலும் நடப்பது சோம்பல்தான், போன தடவை இன்வாய்ஸை அப்படியே நகலெடுப்பது. ஆனால் சோதிக்கும் மென்பொருள் எண்ணத்தைப் பார்ப்பதில்லை, சொல்லைத்தான் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐ.சி.எஸ்.2 முறை (சரக்கு வருமுன்பே விவரம் வாங்கிச் சோதிப்பது), விமானச் சரக்குக்கு 2023 மார்ச்சிலும் கடல் சரக்குக்கு 2024 ஜூனிலும் விரிந்தபோது, ‘ஸ்டாப் வேர்ட்ஸ்’ என்ற, விவரக் கட்டத்தில் ஏற்காத சொற்களின் பட்டியலும் பலர் கவனத்துக்கு வந்தது. ‘நிறுத்தச் சொல்’ என்று பெயர்த்தால் பேருந்து நிறுத்தம்தான் நினைவுக்கு வரும், ‘தடைச்சொல்’ போதும்.

தடைச்சொற்கள் எல்லாம் ஒரே ரகமல்ல. ‘எலக்ட்ரானிக்ஸ்’, ‘கெமிக்கல்ஸ்’ இனத்தை மட்டும் சொல்கின்றன. ‘பரிசுப் பொருள்’, ‘மாதிரி’ ஏன் அனுப்புகிறோம் என்று சொல்கின்றன, எதை அனுப்புகிறோம் என்று சொல்வதில்லை. ‘20 பேலட்’ என்பது மூட்டையின் பெயர். ‘இன்வாய்ஸில் உள்ளபடி’ வேறு தாளைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பிராண்டும் மாடல் எண்ணும் மட்டும் எழுதுவதும் இதே கணக்குதான், விற்றவருக்கே புரியும்.

பலரும் சறுக்குவது ‘உதிரி பாகம்’ என்ற சொல்லில். ‘பம்பு உதிரி பாகங்கள்’ என்று ஒரு பெட்டி வருகிறது. திறந்தால் நான்கு பொருள். இம்பெல்லர் பம்புக்கென்றே செய்தது, சரக்கை வகைப்படுத்தும் ஹெச்.எஸ். எண் 8413.91. மெக்கானிக்கல் சீல் தனித் தலைப்பு, 8484.20. ரப்பர் கேஸ்கெட் 4016.93. எஃகு போல்ட் எந்த இயந்திரத்தில் முடுக்கினாலும் 7318.15தான், பொதுப் பயன்பாட்டுப் பாகங்கள் இயந்திரத்தோடு போகாது, உலோகத்தோடு போகும். ஒரே வரியில் எழுதிய அந்த விவரம் நான்கில் ஒன்றுக்கு மட்டும் உண்மை. வரி வித்தியாசம், அபராதம் எல்லாம் மற்ற மூன்றிலிருந்து முளைக்கும்.

‘பைப்’ இன்னும் வேடிக்கை. பிளாஸ்டிக் என்றால் 39.17, செம்பு என்றால் 74.11, புகையிலை பிடிக்கும் பைப் என்றால் 96.14. ‘ஆண்கள் பருத்திச் சட்டை’ தெளிவாகத் தோன்றும். ஆனால் பின்னல் துணியா நெய்த துணியா என்று சொல்லாதவரை 61ஆம் அத்தியாயமா 62ஆம் அத்தியாயமா என்று தெரியாது (ஹெச்.எஸ். எண்ணின் முதல் இரண்டு இலக்கம்தான் அத்தியாயம்). ‘பேட்டரி’யில் வரியோடு பாதுகாப்பும் சேர்கிறது: லித்தியம் அயனா, ஈய-அமிலமா, தனியாகப் போகிறதா, கருவிக்குள் பொருத்தியதா என்பதை எழுதியாக வேண்டும். ஆபத்தான சரக்குக்கு என்று உள்ள எண்ணில், தனியாகப் போகும் லித்தியம் அயன் பேட்டரி யு.என். 3480, கருவியோடு போனால் யு.என். 3481.

சரிபார்க்கும்போது இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) மூன்றையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் போக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் என்ன பொருள், எதனால் ஆனது, எதற்குப் பயன்படுவது, புதியதா பழையதா என்பது தெரிகிறதா என்று பார்க்கவும். அடுத்து, ஹெச்.எஸ். எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு விவரத்தை மட்டும் படித்து அத்தியாயத்தைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு அத்தியாயம் வாயில் வந்தால் அந்த வரி தேறவில்லை. ஒன்றே வந்து, கையை எடுத்தால் அடியில் வேறு எண் இருந்தால், அது இன்னும் மோசம்: ஒன்று விவரம் தப்பு, அல்லது எண் தப்பு. எண்ணுக்கு ஏற்றபடி விவரத்தை வளைக்கக் கூடாது, அனுப்புகிறவரிடம் கேட்க வேண்டும். கேட்லாக் பக்கமோ படமோ ஒன்று வந்தால் பாதி குழப்பம் தீரும்.

முக்கியச் சொல்லை வரியின் தொடக்கத்தில் வையுங்கள். இடம் போதாத மின்படிவங்கள் வாலை வெட்டிவிடும். ‘இயந்திரத்துக்குப் பயன்படும் உயர்தர’ என்பதோடு வரி முடிந்துபோகும். ‘எஃகு அறுகோணத் தலை போல்ட், எம்12, பம்புக்கு’ என்று எழுதினால் எங்கே வெட்டினாலும் பொருள் நிற்கும்.

திருத்தத்தைத் தாக்கலில் மட்டும் செய்தால் போதாது. இன்வாய்ஸில் ‘ஸ்பேர்ஸ்’ என்றே கிடந்தால் இரண்டு தாளும் முரண்படும், அந்த முரணே சோதனைக்கு அழைப்பு. அமெரிக்கா, ஐரோப்பா போகும் கடல் கன்டெய்னர்களுக்கு முன்னறிவிப்பு கப்பலில் ஏற்ற 24 மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். ஆகவே திருத்திய இன்வாய்ஸ் அதற்கும் முன்னால் கைக்கு வந்திருக்க வேண்டும். கேள்வியை பேக்கிங் லிஸ்ட் வந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.