பெடல் லேசானது, கியர் ஏன் விழவில்லை?

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பழைய ட்ரையம்ஃப் டிஆர்6 வாங்கினேன் சார். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகிச்சு, புதுசு வாங்கி மாட்டினேன். ஒழுகல் நின்னுடுச்சு, பெடலும் முன்னைவிட லேசாயிடுச்சு. ஆனா ரிவர்ஸ் போட்டா கரகரன்னு கத்துது. ஆயில் குழாயில இருக்கிற காத்தை வெளியேத்த மூணு தடவை ஏர் எடுத்துப் பார்த்துட்டேன். பார்சல் சனிக்கிழமை வந்துச்சு, அன்னிக்கு இரும்பு வாங்கினதாலதான்னு அம்மா சொல்றாங்க."

ரிவர்ஸ் ஏன் கத்துகிறது என்ற அவர் கேள்விக்குப் பதில் அவர் கடிதத்திலேயே இருக்கிறது: பெடல் லேசாகிவிட்டது.

டிஆர்6 இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் 1976 வரை தயாரான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஆறு சிலிண்டர், 2.5 லிட்டர் எஞ்சின். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் குழாய் வழியே போய் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ள, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் பிரியும். பாஸ்கல் விதி பள்ளியில் படித்ததுதான்: அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் ஒன்றே. ஆகவே பரப்பு பெரிதானால் விசை கூடும், நகரும் தூரம் குறையும்.

இந்த வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டர் இரண்டு அளவுகளில் விற்கிறது. ஒன்றின் உள்விட்டம் 0.75 அங்குலம், மற்றொன்று 0.70. ஸ்லேவ் 1 அங்குலம். உதாரணத்துக்கு, மாஸ்டர் பிஸ்டன் 30 மி.மீ. நகர்கிறது என்று வையுங்கள். 0.75 அளவானால் ஸ்லேவ் பிஸ்டன் தள்ளும் கம்பி ஏறக்குறைய 17 மி.மீ. நகரும். 0.70 அளவில் 14.7 மி.மீ.தான். விட்டத்தில் வித்தியாசம் வெறும் 1.27 மி.மீ. ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் தள்ளும் ஆயில் 13 விழுக்காடு குறைந்துபோகிறது. மிதிக்க வேண்டிய விசையும் அதே 13 விழுக்காடு குறையும். கால் சந்தோஷப்படும், கிளட்ச் முழுசாகப் பிரியாது. ரிவர்ஸ் கியருக்குச் சின்க்ரோமெஷ், அதாவது பற்கள் கோக்கும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. அரைகுறையாகப் பிரிந்த கிளட்சை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

அம்மாவின் கவலை பிள்ளை மேலுள்ள அன்பு. அதை மதிக்கிறேன். ஆனால் கோளாறு கிழமையில் இல்லை. வெர்னியர் காலிப்பரை எடுத்து, கழற்றிய பழைய சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். 19 மி.மீ. காட்டினால் 0.75, 17.8 காட்டினால் 0.70. பழையது 0.75 ஆக இருந்து, புதிதாக மாட்டியது 0.70 என்றால் கோளாறு அதுதான். பழையதைத் தூக்கி எறிவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பாகத்துக்கு வருகிறேன். பழைய சிலிண்டர் ஏன் ஒழுகியது? பிஸ்டனைச் சுற்றி விரல் நுனியில் அடங்கும் ஒரு ரப்பர் கப் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பூ மலர்வதுபோல் அதன் உதடு லேசாக வெளியே விரிந்திருக்கும். சிலிண்டர் துளையைவிட அந்த உதடு ஒரு மயிரிழை பெரியது, அமுக்கித்தான் உள்ளே நுழைக்க வேண்டும். உதடு எப்போதும் ஆயில் இருக்கும் பக்கம் பார்த்திருக்கும். மிதித்ததும் ஆயிலின் அழுத்தம் கப்பின் குழிக்குள் புகுந்து, உதட்டை வெளிப்புறமாகச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூடப் பிடிமானமும் கூடுகிறது. வெளியேறத் துடிக்கும் ஆயிலே கதவைச் சாத்திக்கொள்கிறது! காலை எடுத்ததும் அழுத்தம் போய்விடும், உதடு தளர்ந்து, அதிக உராய்வில்லாமல் வழுக்கித் திரும்பும். திருகு இல்லை, சாவி இல்லை, ஒரு துண்டு ரப்பரின் வடிவம் மட்டுமே இவ்வளவையும் செய்கிறது. உதட்டை எதிர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டினால் ஒரு சொட்டுக்கூட நிற்காது.

இதிலிருந்தே நோயையும் கண்டுபிடிக்கலாம். உதடு தேய்ந்த கப், வேகமாக மிதித்தால் பிடிக்கும், ஏனென்றால் அழுத்தம் சட்டென ஏறி உதட்டை விரித்துவிடும். மெதுவாக மிதித்தால் உதடு விரிவதற்குள் ஆயில் நழுவிவிடும். சிக்னலில் பெடலை மிதித்தபடி நிற்கும்போது வண்டி தானாக ஊர ஆரம்பித்தால் கப் போய்விட்டது என்று சந்தேகப்படுங்கள்.

சின்னதும் பெரியதுமாக இரண்டு சிரிஞ்சு, ஒரு முழம் டியூப், கொஞ்சம் தண்ணீர் இருந்தால் பாஸ்கல் விதியை வகுப்பறையிலேயே காட்டிவிடலாம். சின்ன சிரிஞ்சைத் தள்ளும் பிள்ளையின் கண்ணில் வரும் வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன். பாஸ்கல் விதியை மனப்பாடம் செய்ய வைத்து ஐந்து மதிப்பெண் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வகத்துக்கு வரும் பணம் முதலில் இப்படிப்பட்ட எளிய பொருள்களுக்குப் போக வேண்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அந்தத் தண்ணீர்தான் சிலிண்டர் சுவரில் துருக்குழி போட்டு, புது கப்பையும் அறுக்கிறது. குழி விழுந்த சிலிண்டருக்கு வெறும் ரப்பர் கிட் மாற்றுவது வீண். எஞ்சின் ஆயிலை மறந்தும் ஊற்றாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். ஸ்லேவ் சிலிண்டரில் ஏர் எடுக்கத் திறக்கும் ப்ளீடர் நிப்பிள் மேல் பக்கம் இருக்க வேண்டும். கீழே இருந்தால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மேலே ஒரு குமிழி தங்கிவிடும். பெடலில் மாஸ்டர் சிலிண்டர் கம்பியைக் கோத்திருக்கும் பின்னையும் துளையையும் பாருங்கள். துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் மிதியில் ஒரு பகுதி அங்கேயே வீணாகும்.

எல்லாம் முடிந்ததும் ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஸ்லேவ் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். கம்பி முழுசாக நகர்ந்தும் கியர் கத்தினால் சிலிண்டர்கள் மேல் குற்றமில்லை. உள்ளே கிளட்சைப் பிரிக்கும் ஃபோர்க்கைத் தண்டோடு பிடித்திருக்கும் டேப்பர் பின் (ஒரு முனை சிறுத்த முளை) முறிந்திருக்கலாம், இந்த வண்டிகளில் அது அடிக்கடி நடப்பது. அப்படியானால் வேலை பெரிது. டிஆர்6-இல் கியர்பாக்ஸைக் கீழே இறக்குவதில்லை. சீட்டுகளைக் கழற்றி, கியர்பாக்ஸை மூடியிருக்கும் நடு மூடியைத் தூக்கி, காருக்குள்ளிருந்துதான் வெளியே எடுக்க வேண்டும்.