அதிபரிடம் இருக்கும் இரண்டாவது சாவி

சிங்கப்பூரின் 2023 அதிபர் தேர்தல் நெருங்கிய வாரத்தில் தேக்கா சந்தையில் மீன் வாங்கக் காத்திருந்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி, வேட்பாளர் ஒருவரைக் குறிப்பிட்டு, "தர்மன் வந்தால் ஜிஎஸ்டியைக் குறைப்பாரா தம்பி?" என்று கேட்டார். கடைக்காரர் கொடுவா மீனின் செதிலைச் சுரண்டியபடியே, "குறைத்தால் நல்லதுதான் அக்கா" என்றார்.

குறைக்க முடியாது. வரி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு விலை, மத்திய சேமநிதி எல்லாம் அரசாங்கமும் நாடாளுமன்றமும் முடிவு செய்பவை. பெரும்பாலான விஷயங்களில் அதிபர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். கருணை மனுவும் அப்படித்தான். தீபாவளிக்கு அதிபர் மாளிகையான இஸ்தானாவின் வாசல் திறக்கும்போது நாம் காணும் அதிபர், நாட்டின் தலைவர். நாட்டை நடத்துபவர் பிரதமர்.

அப்படியானால் வெறும் அலங்காரப் பதவிதானா? இந்தப் பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. 1991-இல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, 1993 முதல் அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்ததற்குக் காரணம் பணம். முந்தைய ஆட்சிக்காலங்களில் சேர்த்த நாட்டின் இருப்புநிதியை இப்போதைய அரசாங்கம் தன் விருப்பப்படி எடுக்க முடியாது. பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள்: ஒன்று அரசாங்கத்திடம், மற்றொன்று அதிபரிடம். பொதுத்தேர்தல் முடிந்து புதிய அரசாங்கம் பதவியேற்றதும், அதுவரை சேர்ந்ததும் பூட்டுக்குள் போய்விடும்.

இந்தச் சாவி உண்மையிலேயே திரும்பியிருக்கிறது. உலக நிதி நெருக்கடியின்போது, 2009-இல், அப்போதைய அதிபர் எஸ்.ஆர். நாதன் 4.9 பில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒப்புதல் தந்தார். எடுக்கப்பட்ட 4 பில்லியன் 2011-இல் திருப்பி வைக்கப்பட்டது. கொவிட் தாக்கிய 2020-இல் அப்போதைய அதிபர் ஹலிமா யாக்கோப் 52 பில்லியன் வெள்ளி வரை எடுக்க இசைந்தார். கடை மூடிக் கிடந்த மாதங்களில் பலருக்குச் சம்பளம் நிற்காமல் வந்ததே, வேலை ஆதரவுத் திட்டம், அதன் பின்னாலும் அந்த ஒப்புதல் இருந்தது.

ஆனால் அதிபர் தாமாகப் பெட்டகத்தைத் திறக்க முடியாது. அரசாங்கம் கேட்டால் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்லலாம், அவ்வளவுதான். அதற்கு முன் எட்டுப் பேர் கொண்ட அதிபர் ஆலோசகர் மன்றத்தைக் கலந்தாக வேண்டும். மன்றத்தின் ஆதரவு இல்லாமல் மறுத்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்த மறுப்பை மீறலாம்.

தலைமை நீதிபதி, தலைமைச் சட்ட அதிகாரி போன்ற முக்கிய நியமனங்களிலும் அதிபர் மறுப்புச் சொல்லலாம். ஊழல் விசாரணைக்குப் பிரதமர் அனுமதி தராவிட்டாலும், அதிபர் இசைந்தால் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு விசாரணையைத் தொடரலாம். இதை அறிந்தவர் நம்மில் மிகக் குறைவு.

போட்டியிட வயது 45 ஆகியிருக்க வேண்டும். எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக்கூடாது. அமைச்சர், நாடாளுமன்ற நாயகர் (சபாநாயகர்) போன்ற பதவியில் மூன்று ஆண்டுகளேனும் இருந்திருக்க வேண்டும்; தனியார் துறையினர் என்றால் 500 மில்லியன் வெள்ளி பங்குதாரர் மூலதனம் உள்ள நிறுவனத்தை நடத்திய அனுபவம் வேண்டும். இந்த வரம்பு மிக உயரம் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

"இந்தியர்களான நம்மவருக்கு அதிபர் தேர்தலை எப்போது ஒதுக்குவார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சமூகத்திலிருந்து தொடர்ந்து ஐந்து தவணைகள் எவரும் அதிபராக இல்லையென்றால்தான் அடுத்த தேர்தல் அந்தச் சமூகத்துக்கு ஒதுக்கப்படும். 2017-இல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கியது அப்படித்தான். 2023-இல் ஒதுக்கீடு இல்லாத மும்முனைப் போட்டியில் தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். தவணை ஆறு ஆண்டுகள் என்பதால், நம் சமூகத்துக்கு அந்தக் கணக்கு அவருக்குப் பிறகுதான் தொடங்கும்.

வாக்களிப்பது கட்டாயம். ஒவ்வொரு வாக்கும் முக்கியமும்கூட: 2011 அதிபர் தேர்தலில் டோனி டான் வென்றது வெறும் 7,382 வாக்கு வித்தியாசத்தில். வாக்களிக்கத் தவறினால் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். தக்க காரணம் இருந்தால் இலவசமாகவும், இல்லையென்றால் 50 வெள்ளி செலுத்தியும் திரும்பச் சேரலாம். ஆனால் தேர்தல் ஆணை வெளியாகிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேர்தல் துறை இணையத்தளத்தில் இப்போதே பார்த்துவிடுங்கள்.