கிளையில் காய்த்த கணக்கு

காட்பாடியில் எங்கள் வீட்டு காம்பவுண்டு ஓரம் ஒரு பாட்டில் பிரஷ் செடி நிற்கிறது. பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரியே சிவப்பாகப் பூப்பதால் அந்தப் பெயர். பிறந்த ஊர் கிழக்கு ஆஸ்திரேலியா. கொய்யா, நாவல், தைலமரம் எல்லாம் இதற்குக் குடும்பச் சொந்தம். இலையைக் கசக்கினால் லேசாகத் தைல வாசனை வரும்.

"இது தண்ணியே கேக்காது சார்" என்றார் நர்சரிக்காரர். அதை நம்பிச் சித்திரை வெயிலில் நட்டு அப்படியே விட்டேன். பத்தே நாளில் கருகிவிட்டது.

அவர் சொன்னது பாதி உண்மை. தொங்கு கிளையோடு நாம் வளர்க்கும் இந்த வகை பாலைவனச் செடி அல்ல. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து ஓடைக்கரைச் செடி. நம் பாலாறு மாதிரி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மேலே காய்ந்த மணல், ஈரம் அடியில். அந்த ஈரத்தை எட்டும் வேர் இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். நர்சரிப் பையில் சுருண்டு கிடந்த வேர் ஒரு சாண்கூட இறங்கியிருக்காது.

அடுத்த செடியை ஐப்பசி மழையில் நட்டேன். மழை விட்டதும் வாரம் இரண்டு முறை, மண் ஆழமாக நனையும்படி ஊற்றினேன். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே சோம்பிக் கிடக்கும். ஒரு வருடத்துக்குப் பின் படிப்படியாகக் குறைத்தாயிற்று. சுண்ணாம்பு அதிகமுள்ள போர் தண்ணீர் மட்டும் ஆகாது. மண்ணிலுள்ள இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் கொழுந்து மஞ்சளாகிவிடும்.

மிச்ச வேலை இலையுடையது. கொழுந்தில் பட்டு மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும். முற்றிய இலை குறுகலாக, விறைப்பாக, தடித்த தோலோடு இருப்பதால் நீர் ஆவியாவது குறைவு.

பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்பாகத் தெரிவது இதழ் அல்ல, மகரந்தக் கேசரம், அதாவது மகரந்தத்தைத் தாங்கும் மெல்லிய இழை. இதழ்கள் அடியில் சின்னதாக, வெளிறி, இருக்கிற இடமே தெரியாது. தேன்சிட்டு தேன் குடிக்கத் தலையை நுழைக்கும்போது மகரந்தம் ஒட்டிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் நடப்பது. பூங்கொத்தோடு கிளை முடிந்துவிடாது. அதன் நுனியிலிருந்தே மறுபடி இலை விட்டு நீளும். பூ இருந்த இடத்தில் மிளகு அளவுக் காய்கள் கிளையை மொய்த்து இறுகி, வருடக்கணக்கில் கிளையிலேயே கிடக்கும். கிளையை வெட்டிக் காகிதத்தின் மேல் காயவைத்தால் வெடித்து, மூக்குப்பொடி மாதிரி விதை கொட்டும்.

செடி அடர்த்தியாக வேண்டுமென்றால் பூ வாடியதும் அதற்குச் சற்றுக் கீழே வெட்டிவிட வேண்டும். நான் ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறேன். அதில் இப்போது நாலு காய்க்கொத்து, அதாவது நாலு தடவை பூத்திருக்கிறது. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே கிளை இரண்டு விரல் அளவுதான் வளர்ந்திருக்கிறது. அப்போது மழை ஏமாற்றியிருந்தது.