சவுண்டிங்: ஒலியே இல்லாத சொல்

கடல் வரைபடத்தில் சிதறிக் கிடக்கும் ஆழ எண்களுக்கு ஆங்கிலத்தில் ‘சவுண்டிங்’ என்று பெயர். இதை ‘ஒலித்தல்’ என்று பெயர்ப்பது பிழை. ஒலியைக் குறிக்கும் ‘சவுண்ட்’ லத்தீன் ‘சோனுஸ்’ வழி வந்தது. இதுவோ பிரெஞ்சு ‘சோந்தே’யின் பிள்ளை. ஒலியை அனுப்பி அது திரும்பும் நேரத்தால் ஆழம் அளக்கும் எதிரொலிக் கருவி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி சவுண்டிங் எடுத்தார்கள். குண்டின் அடிக்குழியில் கொழுப்பை அப்பிவிடுவார்கள். அதில் ஒட்டி வருவதை வைத்துத் தரை மணலா சேறா என்று சொல்லிவிடலாம்.

ஏற்ற தமிழ் நம்மிடமே இருக்கிறது: ஆழம் பார்த்தல். ‘என்னை ஆழம் பார்க்கிறான்’ என்கிறோமே, ஆங்கிலச் சொல்லுக்கும் அந்த இரண்டாம் பொருள் உண்டு. மீனவர் கணக்கில் ஆழம் பாகத்தில்தான்: இரு கை விரித்த நீளம், ஏறக்குறைய 6 அடி.

ஒலியால் ஆழத்தோடு மண்ணையும் அறிவதை ‘எதிரொலி மண்ணறிதல்’ எனலாம். நீரடியில் படியும் மண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘செடிமென்ட்’ வருமிடமெல்லாம் ‘வண்டல்’ என்று எழுதுவது சரியல்ல. டெல்டாக்காரர் காதில் வண்டல் என்றால் காவிரி வயலில் விட்டுப்போகும் நைந்த மண். பருமணலை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பொதுப்பெயர் ‘படிவு’.

அடர்த்தியை ஒலிவேகத்தால் பெருக்கினால் வருவது ஒலிமறிப்பு. நீருக்கும் தரைக்கும் இது எவ்வளவு வேறுபடுகிறதோ, எதிரொலி அவ்வளவு வலுக்கும். மணலில் ஒலி நொடிக்கு 1,700 மீட்டர் போல ஓடும். விழும் அலையின் வீச்சில் மூன்றில் ஒரு பங்கு திரும்பும். இளஞ்சேற்றில் ஏழில் ஒன்று தேறினால் அதிகம். அதில் ஒலி தண்ணீரைவிடச் சற்று மெதுவாகப் போவதும் உண்டு!

கருவியின் திரையில் மணல் தரையின் எதிரொலி தடித்த வாலோடு தெரியும், இருமடங்கு ஆழத்தில் இரண்டாம் எதிரொலியும் விழும். சேற்றில் அது மங்கும். ஒப்பிட வேண்டுமானால் எதிரொலியின் வலுவைத் தானே கூட்டிக் குறைக்கும் ‘ஆட்டோ கெயின்’ அணைந்திருக்க வேண்டும். இல்லையேல் கருவியே சேற்றின் மெல்லிய எதிரொலியைத் தூக்கி மணலாக்கிவிடும். ஒலிவேகத்தையும் பாருங்கள்: கருவியில் நொடிக்கு 1,500 மீட்டர் என்றிருக்கும், 29 டிகிரி கடலில் உண்மை 1,540 வரை. 20 மீட்டர் ஆழம் கருவியில் 19.5 ஆகிவிடும். கொள்ளிடத்து வெள்ளம் கலந்தால் வேகம் மறுபடி இறங்கும்.

பெரிய வம்பு வாயுதான். முத்துப்பேட்டை அலையாத்திச் சேறுபோல இலைதழை மட்கும் இடத்தில் மீத்தேன் குமிழ்கள் தங்கும். கொஞ்சம் குமிழ் போதும், மென்சேறு பாறைபோல எதிரொலிக்கும், அடியிலிருப்பது மறைந்துவிடும். அங்கே தரை மண்ணை அள்ளும் கவ்வியை இறக்கி ஒரு பிடி மண் எடுத்து விரலிடையில் தேய்த்துப் பார்ப்பதே வழி: நறநறத்தால் மணல், வழுக்கினால் களி.