ஷேர், கொங்சி, பகிர்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வயதான ஒருவர் "உனக்கு ஷேர் இருக்கா?" என்று கேட்டால், கைப்பேசியைப் பற்றிக் கேட்கவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். பெரிய கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று இந்த ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள் அதில் போட்ட பங்குதான் அவர் கேட்கிற ஷேர். பேரப்பிள்ளைக்கோ ஷேர் என்றால் திரையில் இருக்கும் அம்புக்குறி.

சொல் ஒன்றுதான். ஆங்கிலத்தில் அதன் பழைய பொருள் வெட்டு, கூறு. ஆட்டு ரோமம் கத்தரிப்பதைச் சொல்லும் 'ஷியர்' அதற்குச் சொந்தக்காரச் சொல். வெட்டியது கூறாகி, கூறு பங்காகி, பங்கிட்டுக் கொடுப்பதாகி, கடைசியில் பொத்தானில் வந்து உட்கார்ந்துவிட்டது.

மலாயில் அதே பொத்தான் 'கொங்சி'. இது ஹொக்கியன் சீனர் கொண்டுவந்த சொல். கூட்டாகத் தொழில் நடத்தும் அமைப்பு என்று பொருள். பேராக்கில் ஈயம் தோண்டிய சீனர்கள் கொங்சி அமைத்துத்தான் தோண்டினார்கள். வேலையாட்கள் ஒன்றாகத் தங்கும் கொட்டகைக்கு இன்றும் 'ரூமா கொங்சி' என்றுதான் பெயர். பொய்ச் செய்திகளைச் சரிபார்க்க அரசாங்கம் 2017-இல் தொடங்கிய செபெனார்ஞா தளத்தின் முழக்கமும் 'தீடாக் பஸ்தி, ஜாங்ஙான் கொங்சி', அதாவது உறுதியாகத் தெரியாவிட்டால் பகிராதே.

நம் சொல் பகிர். பகு என்ற வேரிலிருந்து வருவது. பகுதி, பகுப்பு எல்லாம் அதே குடும்பம். 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்ற குறளில் இருப்பதும் இந்தப் பகுதான். பகிரங்கம் என்ற சொல்லையும் சிலர் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். அது வடமொழியில் வெளிப்புறம் என்று பொருள்படும் வேறு சொல்.

பகிர்ந்தால் நம்மிடம் குறைய வேண்டும், பதிவு குறைவதில்லையே, 'பரப்பு' என்று சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. பரப்புவது என்றாலே வதந்தியும் நோயும்தான் நினைவுக்கு வருகின்றன. மலாய்க்காரர்கள் வைரலுக்கு வைத்திருக்கும் 'துலார்' தொற்றிலிருந்து வந்தது. அந்த இடத்துக்கு அது சரி. தெரிந்தவரிடம் ஒன்றை எடுத்துக் கொடுப்பதற்குப் பகிர்தான் பொருத்தம்.

அப்புறம் மறுகீச்சு. டுவிட்டரில் ஒருவர் பதிவை மற்றவர் எடுத்துப் போடும் ரீட்வீட்டுக்கு வைத்த பெயர். கீச்சு ஒன்றும் புதிதாகச் செய்தது இல்லை. மார்கழியில் கோயிலில் பாடும் திருப்பாவையில் ஆனைச்சாத்தன் என்ற பறவை 'கீசுகீசு' என்று பேசுகிறதே, அதே ஒலி. ஆனால் 2023-இல் டுவிட்டர் எக்ஸ் ஆகி, குருவி பறந்துபோனது. பகிர் எந்தக் கம்பெனி பெயர் மாற்றினாலும் நிற்கும்.

பதிவு ஏன் குட்டையானது என்ற கதைக்கும் வருவோம். 2006-இல் டுவிட்டர் குறுஞ்செய்தியை நம்பித் தொடங்கியது. குறுஞ்செய்தியின் அளவு 160 எழுத்து; பெயருக்கு 20 போக மீதி 140. அப்போது மறுகீச்சுப் பொத்தான் கிடையாது. ஆர்டி (ரீட்வீட்டின் சுருக்கம்) என்று போட்டு, எழுதியவர் பெயரையும் போட்டு, கையால் ஒட்ட வேண்டும். 140-ஐயும் நிரப்பி எழுதியவரின் பதிவை ஒட்டினால் வால் அறுந்துவிடும். அதனால்தான் கொஞ்சம் இடம் விட்டு எழுது என்ற பழக்கம் வந்தது. 2009-இல் பொத்தானும், 2017-இல் 280-ம் வந்தன. ஆனால் தமிழ்க் கணக்கு வேறு. 'பகிர்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. இயந்திரத்துக்கு ப, க, கொக்கி, ர, புள்ளி என்று ஐந்து. குறுஞ்செய்தியில் இன்னும் மோசம், தமிழில் எழுதினால் 160 சுருங்கி 70 ஆகிவிடும்.

பகிரத்தக்க குறும்பதிவு என்றால் நீளம் குறைந்தது என்று மட்டும் நினைக்கக் கூடாது. கை மாறிய பிறகும் பொருள் மாறாமல் இருக்க வேண்டும். "நாளைக் காலை நம்ம ஸ்கூல்ல கூட்டுப்பணி, எல்லாரும் வாங்க" என்று ஒருவர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுகிறார். தோட்டத்தில் காலையில் ஆள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் சொல்லியிருந்தால் போதும். கேட்கிற எல்லாரும் ஒரே தோட்டம், ஒரே நாள். புலனத்தில் அது மூன்று நாள் கழித்துக் கெடா மாநிலக் கூலிமில் ஒருவர் கைக்குப் போகிறது. நாளை எந்த நாளை? நம்ம ஸ்கூல் யாருடையது? முன்னனுப்பிய செய்தியில் முதலில் எழுதியவர் பெயரும் இருக்காது.

"15-ஆம் தேதி சனிக்கிழமை காலை 8 மணி, சுங்கை சிப்புட்" என்று தொடங்கி, பள்ளியின் பெயர், கூப்பிட ஓர் எண், மண்வெட்டி கொண்டு வரவும் என்று முடித்தால் எங்கே போனாலும் நிற்கும். ஊரும் தேதியும் முதல் வரியிலேயே இருக்கட்டும். நீண்ட செய்தியை வாட்ஸ்அப் மடித்துவிடும், 'மேலும்' என்பதைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

எழுதும்போது பகிர்ந்தேன், பகிர்ந்தார், பகிர்வு என்றே போடலாம். 'பகிர்வு செய்தேன்' தேவையில்லாத சுற்று. வாழ்த்துச் செய்திகளின் அடியில் வரும் 'ஷேர் செய்து பகிரவும்' என்பதில் ஒன்றை வெட்டினால் நான்கைந்து இடமாவது மிச்சம்.