கனவுல மல்லிக்கு வாசம் இல்ல

போன வருசம் பங்குனிக் கடைசியில ஒரு அக்கா என்னப் பாக்க வந்தாங்க. திருமங்கலத்துக்கு அங்கிட்டு ஒரு கிராமம், அரை ஏக்கர்ல சொந்தமா மல்லி, அது போக அடுத்தவங்க தோட்டத்துலயும் கூலிக்குப் பூப்பறிப்பாங்க. (ஆளு யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்தித்தான் எழுதுறேன்.) வந்த விசயம் அமுக்குவான். படுத்து கண்ண மூடுன கொஞ்ச நேரத்துல நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி, கை கால் அசையல, கத்துனா சத்தம் வரல, ஆனா வீட்டுல மிக்ஸி ஓடுறது வரைக்கும் காதுல கேக்குது. மாமியா பாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி கயிறு கட்டிட்டு வந்தாச்சு, அப்பறமும் வாரத்துல ரெண்டு தடவ வருதுன்னு பொண்ணு புடிச்சு இழுத்துட்டு வந்துருக்கா.

கனவெல்லாம் எப்படிக்கா வருதுன்னு கேட்டேன். அதுக்கு அவங்க சொன்னதத்தான் நான் இன்னமும் மறக்கல. "தோட்டத்துக்குப் போறேன் டாக்டரம்மா, பூரா பூவும் பறிக்காம விரிஞ்சு வெள்ளையா கெடக்கு, அய்யோ மொத்தமும் போச்சேன்னு பதறி ஓடுறேன், ஓடும்போதுதான் தோணுது, இம்புட்டுப் பூ விரிஞ்சு கெடக்கே, வாசமே இல்லையேன்னு. அப்பத்தான் இது கனவுன்னு புடிபட்டுச்சு."

சரி, புடிபட்டதும் என்ன செஞ்சீங்க?

"என்ன செய்யச் சொல்றீங்க, கனவுதானேன்னு வரப்புல உக்காந்துட்டேன். சும்மா உக்காந்து எத்தன நாளாச்சு."

இதுக்குப் பேருதான் லூசிட் ட்ரீம். கனவுக்குள்ள இருக்கும்போதே இது கனவுன்னு தெரிஞ்சு போறது. அந்தப் பேரக் கூட அந்த அக்கா கேள்விப்பட்டதில்ல. அதே வாரத்துல ஒரு இன்ஜினியரிங் பையன் வந்தான், யூடியூப்ல பாத்துட்டு நாலு மாசமா இதுக்குப் பயிற்சி எடுக்குறானாம், உள்ளங்கையில பேனாவால ஒரு குறி போட்டுட்டு மணிக்கொரு தடவ பாத்து "நான் இப்ப கனவுல இருக்கேனா"ன்னு கேட்டுக்குறான், ராத்திரி 3 மணிக்கு அலாரம், 4 மணிக்கு அலாரம், 5 மணிக்கு அலாரம். ஒரு லூசிட் ட்ரீம் கூட வரல, அரியர் மட்டும் மூணு வந்துருக்கு. மேடம் எனக்கு ஏதாச்சும் ப்ராப்ளமான்னு கேட்டான். ஒனக்கு ஒரு ப்ராப்ளமும் இல்லப்பா, நீ தூங்கவே இல்ல, அம்புட்டுத்தான்னேன்.

இந்த ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா மொத்த விசயமும் வெளங்கிரும், அதனாலதான் எழுதுறேன்.

நம்ம தூக்கம் ஒரே மாதிரி போற தூக்கம் இல்ல. சுமாரா 90 நிமிசத்துக்கு ஒரு சுத்து, ஒரு ராத்திரிக்கு நாலஞ்சு சுத்து. ஒவ்வொரு சுத்தோட கடைசியிலயும் ரெம் தூக்கம்னு ஒன்னு வரும், இமைக்குள்ள கண்ணு மட்டும் வேகமா அங்கிட்டும் இங்கிட்டும் ஓடும், சிக்காகோ பல்கலைக்கழகத்துல அசெரின்ஸ்கி, க்ளைட்மன்னு ரெண்டு பேரு 1953ல இத வெளிய கொண்டு வந்தாங்க. கதை மாதிரி விலாவாரியா வர்ற கனவுல முக்காவாசி இங்கதான். கவனிக்க வேண்டியது என்னன்னா மொதச் சுத்துல ரெம் வெறும் சில நிமிசந்தான், விடிய விடிய அது நீண்டுக்கிட்டே போகும், விடியக்காலைச் சுத்துல அரை மணி நேரத்துக்கு மேலயும் போகலாம். லூசிட் ட்ரீம் பெரும்பாலும் வர்றதும் அந்த விடியக்காலையிலதான். அப்ப ராத்திரி 1.30 வரைக்கும் ரீல்ஸ் பாத்துட்டு 6 மணிக்கு காலேஜ் பஸ்ஸுக்கு எந்திரிக்கிறவன் எத இழக்குறான்? மூணு மணி நேரம் கொறஞ்சு போச்சுன்னு அவன் நெனைக்கிறான், ஆனா அந்த மூணு மணி நேரத்துலதான் அவனோட கனவுல பெரும்பங்கு இருந்துச்சு. கதிர் முத்துற நேரத்துல தண்ணிய நிறுத்துன கதைதான்.

இப்ப அந்த அக்காவோட நாளப் பாருங்க. ராத்திரி 9 மணிக்கு கட்டையச் சாய்ச்சுருவாங்க. 2.30க்கு எந்திரிச்சு நெத்தியில டார்ச்ச மாட்டிக்கிட்டு தோட்டத்துக்கு, இடுப்புல கட்டுன மடியில மொட்டா பறிச்சுப் போட்டுப் போட்டு விடியுறதுக்குள்ள முடிச்சு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போற வண்டியில ஏத்திவிட்டுட்டு, வீட்டுக்கு வந்து சோறாக்கி புள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, 9 மணிக்கு மேல மறுபடி ரெண்டு மணி நேரம் படுப்பாங்க. அமுக்குவானும் சரி, அந்த வாசமில்லாத மல்லியும் சரி, ரெண்டும் வர்றது அந்தக் காலைத் தூக்கத்துலதான், ராத்திரித் தூக்கத்துல இல்ல.

லூசிட் ட்ரீம் ஆராய்ச்சி பண்றவங்க ஒரு முறை வச்சுருக்காங்க, அஞ்சாறு மணி நேரம் தூங்கிட்டு எந்திரிச்சு, கொஞ்ச நேரம் நல்லா முழிச்சிருந்துட்டு மறுபடி போய்ப் படுக்குறது. மூளையில முழிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே ரெம் வந்துரும், அந்த முழிப்பு கனவுக்குள்ள எட்டிப் பாக்கும். அதோட காலை நேரத்துல ஒடம்புக்கே ரெம் மேல ஒரு சாய்வு உண்டு, அதே தூக்கத்த சாயங்காலம் தூங்குனா இம்புட்டு ரெம் கெடைக்காது. பூப்பறிக்கிற சனம் பரம்பரை பரம்பரையா இதத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கு, பூவுக்காக. வாசம் இல்லைங்கிறதும் சும்மா இல்ல, கனவுல காட்சி வரும் சத்தம் வரும், வாசனை வர்றது ரொம்ப அபூர்வம். பையன் கையில குறி போட்டுத் தேடுனத அக்கா மூக்காலயே கண்டுபுடிச்சுட்டாங்க.

பையனும் அதே முறையத்தானே செஞ்சான்னு கேப்பீங்க. அவன் படுக்குறதே 1.30க்கு. 3 மணி அலாரம் அடிக்கும்போது மொதச் சுத்தே அப்பத்தான் முடியும், அங்க ரெம் வெறும் சில நிமிசந்தான். எந்திரிச்சவன் மறுபடி தூங்கணும்ல, அதுவும் வரல, கனவு வரணுமே வரணுமேன்னு மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடப்பான். ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட் பல்கலைக்கழகத்துல டென்ஹோம் ஆஸ்பின்னு ஒருத்தர் 2017ல ஒரு ஆய்வு போட்டாரு. பகல்ல அப்பப்ப இது கனவான்னு சோதிச்சுக்கிட்டு, விடியக்காலையில எந்திரிச்சு "அடுத்து கனவு வரும்போது இது கனவுன்னு எனக்கு ஞாபகம் வரணும்"னு மனசுல சொல்லிக்கிட்டே படுக்குற முறை அது. ஒரு வாரம் செஞ்சவங்களுக்கு நூத்துக்கு 17 முயற்சி பலிச்சுருக்கு, ஆனா சொல்லி முடிச்ச 5 நிமிசத்துக்குள்ள தூங்கிட்டவங்கள மட்டும் எடுத்துப் பாத்தா நூத்துக்கு 46. படுத்ததும் தூக்கம் வர்ற ஆளுக்குத்தான் இந்த வித்தையே, தூக்கம் வராதவன் மொதல்ல தூக்கத்தத்தான் பாக்கணும்.

இந்த 5 நிமிசம் நமக்கு ஏன் வரமாட்டேங்குது? மதுரைய தூங்கா நகரம்னு பெருமையாச் சொல்லிக்கிறோம், எனக்கும் அந்தப் பெருமை உண்டு, 12 மணிக்கு சூடா கறி தோசை கெடைக்கிற ஊரு வேற எது. ஆனா வாரத்துல நாலு நாளு அதத் தின்னுட்டு நேராப் படுத்தா நெஞ்செரிச்சல்ல மாறி மாறி முழிப்பு தட்டும், முழிச்ச ஒவ்வொரு தடவையும் அதுக்கு முன்னாடி ஓடுன கனவு ஞாபகம் நிக்கும், காலையில "எனக்கு இப்பல்லாம் நெறையா கனவு வருது மேடம்"பாங்க. கனவு கூடல, தூக்கம் ஒடையுது. சாயங்காலம் 6 மணிக்குக் குடிச்ச காபியில பாதி ராத்திரி 11, 12 மணிக்கும் ஒடம்புல ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். சரக்கும் அப்படித்தான், போட்டா நல்லா தூக்கம் வருதுன்னு சொல்ற ஆளுக்கு முன்ராத்திரி ரெம் அமுங்கிப் போகும், பின்ராத்திரியில அது எகிறிக்கிட்டு வரும், அப்ப வர்றது தாறுமாறான கெட்ட கனவு, வேர்வை, 4 மணிக்கு முழிப்பு.

சித்திரைத் திருவிழாவுல இத எங்க வீட்டுலயே பாத்துருக்கேன். எதிர்சேவை ராத்திரி பூரா தல்லாகுளத்துல முழிச்சுக் கெடந்து, விடிய அழகர் ஆத்துல எறங்குறதப் பாத்துட்டு வந்தா அன்னைக்கு ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம், கனவே நெனப்பிருக்காது. அடுத்த நா ராத்திரிதான் படம் படமா ஓடும். ஒடம்பு மொதல்ல ஆழ்ந்த தூக்கத்தோட கடன அடைக்கும், அப்பறந்தான் ரெம் கடன் பக்கம் வரும். வருசத்துக்கு ஒரு தடவ இது நடந்தா ஒன்னும் இல்ல, வாரா வாரம் சனிக்கிழம நடத்துனா அது வேற கதை.

அமுக்குவானுக்கு வருவோம். ரெம் தூக்கத்துல ஒடம்பு பூராவும் தசை இயக்கம் ஆஃப் ஆயிரும், கனவுல ஓடுற ஓட்டத்துக்கு நெசமாவே எந்திரிச்சு ஓடிறக்கூடாதுல்ல, அதுக்குத்தான். மூச்சு விடுற தசையும் கண்ணும் மட்டும் வேலை செய்யும். இந்தக் கண்ண வச்சுத்தான் லூசிட் ட்ரீமே நிரூபணமாச்சு, 1975ல இங்கிலாந்துல ஹல் பல்கலைக்கழகத்துல கீத் ஹெர்ன்னு ஒருத்தர், தூங்கிக்கிட்டு இருந்த ஆளு கனவுக்குள்ள இருந்தே முன்னாடி பேசி வச்ச மாதிரி கண்ண இடமும் வலமும் அசைச்சத மெசின்ல பதிஞ்சு காட்டுனாரு. இப்ப அந்த ஆஃப் ஆன நெலையிலயே முழிப்பு மட்டும் வந்துட்டா? அதான் அமுக்குவான். மூளைக்குப் பாதி கனவு ஓடுது, பாதி வீட்டுல மிக்ஸி கேக்குது, ஒடம்பு அசையல, பயத்துல நெஞ்சு அடைக்குது, அந்த அடைப்புக்கு மூளை ஒரு உருவத்தக் கட்டிக் குடுக்குது. சில நொடியிலயோ ஒன்னு ரெண்டு நிமிசத்துலயோ தானா விட்டுரும், உயிருக்கு ஒன்னும் ஆகாது. மல்லாக்கப் படுத்தா கூட வரும், தூக்கம் துண்டு துண்டா இருந்தா கூட வரும்.

அக்காகிட்ட கயித்த அவுக்கச் சொல்லல. அது அவங்க தைரியம், கெடக்கட்டும். ஒருக்களிச்சுப் படுங்க, காலைத் தூக்கத்த முடிஞ்ச வரைக்கும் ஒரே நேரத்துல வைங்க, வரும்போது முழு ஒடம்பையும் அசைக்கப் போராடாம காலு பெருவிரல் ஒன்ன மட்டும் அசைக்கப் பாருங்கன்னு சொன்னேன்.

பையனுக்கு நான் சொன்னது அவனுக்குப் புடிக்கல. ஆறு வாரத்துக்கு லூசிட் ட்ரீம மறந்துரு, 11 மணிக்குப் படு, ஞாயித்துக்கெழமயும் அதே நேரத்துக்கு எந்திரி, தலமாட்டுல போனுக்குப் பதிலா ஒரு நோட்டு வச்சு காலையில கண்ண முழிச்சதும் அசையாம கெடந்து கனவ நெனச்சுப் பாத்து எழுது, எந்திரிச்சு ஒக்காந்தா பறந்துரும். அதுக்கப்பறம் வேணும்னா லீவு நாள்ல மட்டும், வாரத்துக்கு ஒரு தடவ, 4.30 மணிக்கு ஒரே ஒரு அலாரம். மாத்திரை எதாச்சும் வாங்குனியான்னு கேட்டேன், முழிச்சான். மறதி நோய்க்குக் குடுக்குற கேலண்டமின்ன கனவுக்குன்னு சாப்புடலாம்னு எவனோ சொல்லிருக்கான். ஆய்வு நடந்துருக்கு, வாஸ்தவந்தான், அதுக்காக ஹாஸ்டல் ரூம்ல ஒக்காந்து முழுங்குறதுக்கா? இதயத் துடிப்பக் கொறைக்கிற மாத்திரை அது. அதே மாதிரி மனச்சோர்வுக்குச் சாப்புடுற சில மாத்திரை ரெம்ம அமுக்கும், அது உண்மை, கனவு வரலங்கிறதுக்காக அத நீங்களே நிறுத்துனா நான் சண்டைக்கே வருவேன்.

கொஞ்சம் பேரு இந்த வெளையாட்டுப் பக்கமே போகக்கூடாது. வலிப்பு இருக்குறவங்களுக்கு தூக்கம் கெட்டாலே வலிப்பு வரலாம். பைபோலார் (மனசு ஒரேடியா ஏறி எறங்குற நோய்) இருந்தா ஒரு ராத்திரித் தூக்கம் போனாக்கூட மேனியா, அதாவது அந்த ஏத்தம், கெளம்பலாம். எது நெசம் எது பிரமைன்னு ஏற்கனவே கொழம்புற ஆளுக்கு "இது கனவா"ன்னு நாளெல்லாம் கேக்கச் சொல்றது நெருப்புல எண்ணெய். ராத்திரி லாரி ஓட்டுறவருக்கு நான் அலாரம் வைக்கச் சொல்ல மாட்டேன். இன்னொன்னு, வீட்டுல 50, 60 வயசு ஆம்பளைங்க தூக்கத்துல கனவுக்கேத்த மாதிரி நெசமாவே கைய வீசுறது, ஒதைக்கிறது, கட்டில்ல இருந்து விழுறதுன்னு இருந்தா சிரிச்சுட்டு விட்டுறாதீங்க. ரெம்ல தசை ஆஃப் ஆகாத கோளாறு அது, பின்னால வர்ற பார்க்கின்சனுக்கு (நடுக்குவாதம்) அது முன்னறிவிப்பாக்கூட இருக்கலாம், நரம்பு டாக்டர ஒரு தடவ பாத்துருங்க.

பையனுக்கு எட்டாவது வாரத்துல ஒன்னு வந்துச்சாம். பறக்கணும்னு நாலு மாசமா ப்ளான் போட்டு வச்சுருந்தவன், கனவுன்னு தெரிஞ்ச சந்தோசத்துல துள்ளி அந்த நொடியே முழிச்சுட்டானாம். நெறையப் பேருக்கு மொத தடவ அப்படித்தான்.

அக்கா மறுபடி வந்தப்ப அமுக்குவான் மாசத்துக்கு ஒன்னுன்னு கொறஞ்சிருந்துச்சு. அப்பறம் கொரலத் தாழ்த்தி, "அமுக்குவான் வேண்டாம் டாக்டரம்மா, அந்த வரப்பு மட்டும் வர்ற மாதிரி ஏதாச்சும் இருக்கா"ன்னு கேட்டாங்க. ரெண்டும் ஒரே வாசல் வழியா வர்றதுதான்க்கா, ஒன்ன அடைச்சா இன்னொன்னும் கொறையும்னு உள்ளதச் சொன்னேன். தையில ஒரு நா பொண்ணுகிட்ட சொல்லி விட்டுருந்தாங்க. தோட்டத்துல பூ ரொம்பக் கம்மியான மாசம், மார்க்கெட்டுல வெல எங்கயோ நிக்குது, பறிக்க அஞ்சு மணிக்கு மேல போனாப் போதும். அப்படி ஒரு நா விடியக்காலையில வரப்பு வந்துச்சாம், இந்தத் தடவ விரிஞ்ச பூ எல்லாம் இல்ல, வெறுஞ் செடிதானாம்.

"அப்பறம் எப்படி கனவுன்னு கண்டுபுடிச்சாங்க?"ன்னு கேட்டேன்.

"யாருமே அவங்கள வேலைக்குக் கூப்புடலையாம் டாக்டர்."